தண்ணீர் வந்த வழியே ஒரு பிரயாணம்

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் நானும் என் கணவரும் நிறைய ஊர்களுக்குப் போயிருக்கிறோம். திருப்பதிக்குப் போனோம், பையனுக்கு மொட்டை போட. திருச்செந்தூருக்குப் போனோம், பெண்ணுக்குக் காது குத்த. ராமேஸ்வரத்துக்கு எத்தனை தடவை என்று கணக்கே இல்லை. வேன் வைத்து, இருபது பேர், புளியோதரைத் தூக்கு, தயிர்சாதத் தூக்கு, மாமியாரின் மாத்திரைப் பை சகிதம் போய் வந்திருக்கிறோம். ஆனால் இருவர் மட்டுமாக, யாருடைய வேண்டுதலும் இல்லாமல், சும்மா ஊர் பார்க்க என்று போனது எத்தனை தடவை என்று எண்ணப் போனால் ஒரு விரல்கூட மடங்கவில்லை!

இந்த வருஷம் தை மாதம் எங்களுக்கு இருபத்தைந்தாவது கல்யாண நாள் வந்தது. "நீங்க ரெண்டு பேரும் எங்கேயாவது போயிட்டு வாங்கம்மா, செலவு என்னோடது" என்றான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கே போவது? வீட்டில் வம்பு ஆரம்பமானது அந்தக் கேள்வியில்தான்.

அதற்கு முன்னால் என் உடம்பு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் கர்ப்பப்பையில் கட்டி என்று ஆபரேஷன் செய்து, கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். "ஆறு, எட்டு வாரத்துக்குக் கனமா எதையும் தூக்காதீங்க. ஆனா படுத்தே கிடக்காதீங்க, தினமும் கொஞ்சம் நடங்க. காயம் நல்லா ஆறிட்டா அப்புறம் நீங்க எல்லாரையும் போலத்தான்." இதில் முதல் வாக்கியம் மட்டும்தான் எங்கள் வீட்டில் எல்லோர் காதிலும் விழுந்தது. ஆறு வாரம் ஆறு மாதமாயிற்று, வருஷமும் இரண்டாயிற்று. நான் குடத்தைத் தொட்டால், "ஏம்மா, அதை வை கீழே" என்று இவர் ஓடி வருவார். மாடிப்படி ஏறினால் மாமியார் கீழேயிருந்து, "தாயி, வயித்தைக் கிழிச்ச உடம்பு, பாத்து" என்பார். எல்லாம் பிரியத்தில்தான். ஆனால் சாமி அறையில் வைத்துவிட்ட கண்ணாடிச் சாமான் மாதிரி எத்தனை நாள் இருப்பது? கொஞ்ச நாளில் எனக்கே பயம் ஒட்டிக்கொண்டது. குனிந்து கோலம் போட்டால் உள்ளே ஏதோ பிரிந்துவிடும் போல ஒரு நினைப்பு.

என்னை அதிலிருந்து இழுத்து வெளியே கொண்டு வந்தது இவருடைய சர்க்கரை. ஒத்தக்கடையில் இவருக்கு எலக்ட்ரிக் சாமான் கடை. காலை முதல் ராத்திரி வரை ஸ்டூலில் உட்கார்ந்து உட்கார்ந்து, போன வருஷம் ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது. தினமும் முக்கால் மணி நேரம் வேகமாக நடக்கச் சொன்னார்கள். தனியாக நடக்க இவருக்குச் சோம்பல். "நீயும் வா" என்றார். முதலில் தெருமுனை, பிறகு நரசிங்கம் கோயில், அப்புறம் யானைமலை அடிவாரத்தில் இன்னும் கொஞ்ச தூரம் என்று எங்கள் நடை நீண்டது.

எங்கள் யானைமலையைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. மதுரையிலிருந்து மேலூர் ரோட்டில் வரும்போது ஒரு யானை தும்பிக்கையை நீட்டிப் படுத்திருப்பதைப் போல ஒரே பாறை. அடிவாரத்தில் யோக நரசிங்கப் பெருமாள் குடைவரை. கி.பி. 770-ல் பாண்டிய மன்னரின் மந்திரி மாறன் காரி குடைய ஆரம்பித்து, அவர் தம்பி மாறன் எயினன் முடித்தது என்று அங்கேயே கல்வெட்டு இருக்கிறது. மேலே சமணத் துறவிகளின் படுகைகளும் சிற்பங்களும் உண்டு. 2010-ல் இந்த மலையைச் சிற்ப நகரமாக்கலாம் என்று பேச்சு எழுந்தபோது, மலையைத் தொடக்கூடாது என்று சுற்றுப்பட்டு ஜனங்கள் திரண்டு எதிர்த்ததும் வாசகிகளில் சிலருக்கு நினைவிருக்கலாம். விடியற்காலையில் அந்தப் பாறையின் நிழலில் நடந்து நடந்துதான் என் வயிற்றுப் பயம் பாதி போனது. மீதிப் பாதி எனக்குப் போகவில்லையா, இவருக்குப் போகவில்லையா என்பதுதான் தெரியவில்லை.

சரி, வம்புக்கு வருகிறேன். மகன் முதலில் காட்டியது குலு மணாலி. விமானம், கார், ஹோட்டல் எல்லாம் சேர்த்து ஆறு நாள் பேக்கேஜ். எத்தனை இடம் பார்க்கலாம் என்று பட்டியலை எண்ணினேன், பதினாலு! ஆறு நாளில் பதினாலு இடம் என்றால் கார் ஜன்னல் வழியாகத்தான் பார்க்க முடியும். மகளுக்குக் கோடைக்கானல் ஆசை. ஆனால் கோடைக்கானல் எங்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி. ஏரியைச் சுற்றி சைக்கிள், பிறகு தூண்பாறை, பிறகு மிளகாய் பஜ்ஜி. 2018-ல் குறிஞ்சி பூத்தபோது போய் வந்தோம், மறுபடி 2030-ல் பூக்கும்போது போனால் போதும் என்று இவர் சொல்லிவிட்டார். 2024 மே மாதம் ஹைகோர்ட் உத்தரவால் இ-பாஸ் வந்த பிறகும் லீவு நாட்களில் கார் வரிசை குறைந்ததாக அக்கம்பக்கத்தில் யாரும் சொல்லவில்லை. நாத்தனார், "மதினி, பேசாம காசிக்குப் போயிட்டு வாங்க, ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கங்கையிலே முழுகினா..." என்று ஆரம்பித்தார். காசிக்கு இன்னும் வயசிருக்கிறது, அக்கா!

இவர் மனசில் இருந்தது சதுரகிரி. வாலிபத்தில் நண்பர்களோடு தாணிப்பாறை வழியாக ஏறியவர். "நடக்கணும்னா அதுதான் நடை" என்பார். ஆனால் சொல்லிவிட்டு உடனே என் வயிற்றுப் பக்கம் ஒரு பார்வை. "உன்னால முடியாதும்மா. நீ கோடைக்கானல்ல ரூம்ல ரெஸ்ட் எடு, நான் பக்கத்துல நடந்துட்டு வர்றேன்." எனக்கு வந்த கோபம்! கல்யாண நாளுக்கு ஊர் விட்டு ஊர் போய், இவர் நடக்க, நான் ரூமில் டி.வி. பார்ப்பதா?

மகள் ஒரு யோசனை சொன்னாள். "ஊர் பேரை விடுங்க. ரெண்டு பேரும் தனித்தனியா ஒரு தாள்ல என்ன வேணும், என்ன வேண்டாம்னு எழுதுங்க. எழுதுறப்ப ஒருத்தர் தாளை இன்னொருத்தர் பாக்கக் கூடாது." விளையாட்டாகத்தான் எழுதினோம். என் தாளில், நடக்க வேண்டும், ஆனால் ஒரேயடியாக ஏற்றம் வேண்டாம், நான் சமைக்கக் கூடாது, வேண்டுதல் ஊராக இருக்கக் கூடாது, தண்ணீர் இருக்க வேண்டும் என்று எழுதினேன். இவர் தாளில், நடக்க வேண்டும், நாளெல்லாம் பஸ்ஸில் உட்காரக் கூடாது, கடையை மூன்று நாளைக்கு மேல் விட முடியாது, பச்சையாக ஏதாவது பார்க்க வேண்டும் என்று இருந்தது. கடைசி வரியாக, 'இவளுக்கு அலுப்பு ஆகக் கூடாது' என்று எழுதி, அதன் கீழே ஒரு கோடு வேறு! கோபப்படுவதா, கண் கலங்குவதா என்று தெரியாமல் தாளை மடித்து அஞ்சறைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

ஊர் முடிவானது அழகர்கோயிலிலிருந்து ஸ்கூட்டரில் திரும்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. கள்ளந்திரியில் பெரியாற்றுக் கால்வாய்க் கரையில் வண்டியை நிறுத்தி உட்கார்ந்தோம். ஐப்பசி மாதம், கால்வாயில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. பேரணையில் வைகையிலிருந்து பிரியும் கால்வாய் இது. இந்தக் கால்வாயை நம்பிக் கள்ளந்திரி வரை இருபோக நிலம் 45,041 ஏக்கர், அதற்கு அப்பால் மேலூர்ப் பக்கம் ஒருபோகம் 85,563 ஏக்கர். எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் நின்றால் எங்கள் போர் குழாயிலும் தண்ணீர் வரும். இதில்தான் நான் சோறு வடித்திருக்கிறேன், துணி துவைத்திருக்கிறேன். "ஏங்க, இந்தத் தண்ணி எங்கேயிருந்து வருதுன்னு நாம போய்ப் பாத்ததே இல்லையே" என்றேன். இவர் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "தேக்கடி" என்றார். "அங்கே மூங்கில் தெப்பத்துல கூட்டிட்டுப் போறாங்களாம். பாதி நடை, பாதி தெப்பம்."

இரண்டு தாளுக்கும் பொருந்தியது அந்த ஒரே ஊர்தான்.

போகும் காலத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கார்த்திகை, மார்கழியில் குமுளிப் பக்கம் போகாதீர்கள். சபரிமலைக்குப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள். ரோடு, ஓட்டல், லாட்ஜ் எங்கும் நெருக்கடி. மகர ஜோதி முடிந்து தை பாதிக்கு மேல் போனால் கூட்டமும் குறைவு, மழையும் இல்லை, அட்டையும் அதிகம் இல்லை. ஆனி, ஆடியில் போனால் அட்டை உங்களை அன்போடு வரவேற்கும்! எங்கள் கல்யாண நாளும் தை கடைசியிலேயே வந்தது எங்கள் அதிர்ஷ்டம். தெப்பப் பயணத்துக்குத் தினமும் கொஞ்சம் பேரைத்தான் அனுமதிக்கிறார்கள். வனத்துறையின் கம்ப்யூட்டர் பதிவில் மகன் முன்கூட்டியே எங்களுக்கு இடம் பிடித்து வைத்தான்.

கிளம்புவதற்கு முன் டாக்டரம்மாவிடம் ஒரு நடை போனேன். வயிற்றைத் தொட்டுப் பார்த்து, இருமச் சொல்லிப் பார்த்து, "தழும்புல பிதுக்கம் எதுவும் இல்லை, தாராளமா நடங்க. ஆனா புதுச் செருப்போட போகாதீங்க" என்றார். இப்படி ஆபரேஷன் ஆன சகோதரிகள் நீண்ட நடைக்குப் போவதற்கு முன் ஒரு முறை காட்டிக்கொள்வது நல்லது. மனசுக்கும் அது ஒரு தெம்பு. செருப்பு விஷயமும் சரிதான். கான்வாஸ் ஷூ ஒன்று வாங்கி ஒரு மாதம் முன்பே போட்டு, யானைமலை அடிவாரத்தில் நடந்து பழகினேன். முதல் வாரம் இரண்டு குதிகாலும் கொப்புளம். அது அங்கே போய் வந்திருந்தால்?

இன்னொரு பெரிய பிரச்னை, உடை. சேலையோடு காட்டில் நடக்க முடியாது, முள்ளில் மாட்டும் என்று மகள் தன் பழைய சுடிதார் இரண்டை எடுத்து வைத்தாள். பளிச்சென்ற நிறம் கூடாது, மிருகங்கள் ஒதுங்கிப் போய்விடும் என்று பச்சையும் மண் நிறமும். நாற்பத்தாறு வயசில் முதல் தடவையாகச் சுடிதார்! போட்டுக்கொண்டு மாமியார் முன்னால் போய் நின்றேன். மேலும் கீழும் பார்த்தார். "எங்க காலத்துல நாத்து நடும்போது சேலையைத் தூக்கிச் சொருகுவோம். இது அதுக்கு மேல தேவலை, போ" என்றார். எனக்குப் போன உயிர் வந்தது.

மதுரை ஜங்ஷனில் காலையில் போடி ரயில் ஏறினோம். 2010 கடைசியில் மீட்டர்கேஜை நிறுத்தி அகலப்பாதை போட ஆரம்பித்த வழி இது. 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் திரும்ப ரயில் வந்தது. உசிலம்பட்டி தாண்டி ஆண்டிப்பட்டிக் கணவாயில் இரண்டு பக்கமும் மலை நெருங்கி வரும்போது, சின்னப் பிள்ளை மாதிரி ஜன்னலை விட்டு நகரவில்லை இவர். நேரே குமுளிக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஆரப்பாளையத்தில் வண்டி இருக்கிறது, சுமார் நான்கு மணி நேரம். நாங்கள் தண்ணீரைத் தொடர்ந்து போவது என்று வைத்துக்கொண்டதால் ஆண்டிப்பட்டியில் இறங்கி, ஆட்டோ பிடித்து வைகை அணைக்குப் போனோம்.

வைகை அணை 1959-ல் காமராஜர் திறந்து வைத்தது. நீர்மட்டம் 71 அடி. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்க இங்கேயிருந்துதான் தண்ணீர் விடுகிறார்கள். இத்தனை வருஷம் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சும் கூட்டத்தில் முண்டியடித்திருக்கிறேன். அந்தத் தண்ணீர் மதகு வழியாகக் கிளம்பும் இடத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றி, கட்டுச்சாதத்தை நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். (ஆமாம், நான் சமைக்கக் கூடாது என்றுதான் எழுதியிருந்தேன். முதல் நாள் ராத்திரி தானாகக் கை போய் எலுமிச்சஞ்சாதம் கிளறிவிட்டது!)

அங்கேயிருந்து தேனி போய், கம்பம் பஸ்ஸில் ஏறினோம். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வரை வழியெல்லாம் நெல் வயல், வாழை, தென்னை, திராட்சைப் பந்தல். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, எங்கள் மதுரை மல்லிக்கு 2013-லேயே கிடைத்த மாதிரி. பெரியாற்றுத் தண்ணீர் முதலில் நனைப்பது இந்தப் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரை. அதற்கு அப்புறம்தான் நமக்கு.

லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபம் இருக்கிறது. 2013 ஜனவரி 15-ல் திறந்தது. அவர் பிறந்த நாளும் அதுதான். தேனிப் பக்கம் அன்றைக்கு அவருக்கே பொங்கல் வைக்கிறார்கள். தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்வார்களே, 1876-லிருந்து 1878 வரை, அதில் மதுரைச் சீமை பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மேற்கே அரபிக் கடலுக்குப் போகிற பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைக்குத் திருப்பிவிடுவது என்ற பழைய யோசனை பிறகு வேகம் பிடித்தது. 1886-ல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை. 1887-ல் வேலை ஆரம்பம். மலைக் காய்ச்சலிலும் வெள்ளத்திலும் எத்தனையோ பேர் மாண்டார்கள். 1895-ல் தண்ணீர் திறந்தார்கள். பணம் போதாமல் மனைவியின் நகைகளை விற்று பென்னிகுவிக் அணையைக் கட்டினார் என்று எங்கள் பக்கம் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, நகையைக் கொடுத்ததாகச் சொல்லும் அந்த அம்மாளின் பெயர் கிரேஸ் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? சிலைக்கு மாலை போடுகிறவர்களிடம் கேட்டுப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை!

அங்கேயிருந்து மலைப்பாதை. தண்ணீர் இறங்கும் பெரிய பெரிய இரும்புக் குழாய்கள் மலைச்சரிவில் நெடுக இறங்கி வருவதை பஸ்ஸிலிருந்தே பார்க்கலாம். லோயர் கேம்ப் மின் நிலையத்துக்கு அந்தத் தண்ணீர்தான் மின்சாரம் தருகிறது. எலக்ட்ரிக் கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா, நம்ம கடை பல்பு எரியுறதும் இதாலதான்" என்று பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரரிடமும் சொல்லிவிட்டார்.

குமுளி ரொம்பச் சின்ன ஊர். பஸ் நிற்பது தமிழ்நாடு, பத்தடி நடந்தால் கேரளா. தெருவெல்லாம் ஏலக்காய், மிளகு, கிராம்பு வாசனை. லாட்ஜில் சாமானை வைத்துவிட்டு, கட்டஞ்சாயா குடித்து, சீக்கிரமே படுத்துவிட்டோம்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் காட்டின் வாசலில் நின்றோம். எங்களோடு வடக்கேயிருந்து வந்த இளம் ஜோடி இரண்டு, வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று. அந்த வெள்ளைக்கார அம்மாளுக்கு அறுபத்தைந்து வயசுக்குக் குறையாது! வழிகாட்டிகள் நான்கு பேர், துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர். முழங்கால் வரை வரும் கெட்டித் துணி உறை ஒன்றைக் கொடுத்துக் காலில் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அட்டை ஏறாமல் இருக்க. எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி நல்ல தமிழ் பேசினார். முன்னே கள்ளத்தனமாகக் காட்டுக்குள் புகுந்து பட்டை உரித்து விற்றவர்களில் எத்தனையோ பேர் திருந்தி, இப்போது வனத்துறையோடு சேர்ந்து காட்டைக் காக்கிறார்களாம். பெண்களும் சும்மா இல்லை. 2002-ல் குமுளிப் பக்கத்துப் பெண்கள் 'வசந்த சேனை' என்று சேர்ந்து, வீட்டு வேலை முடிந்ததும் முறை வைத்துக் காட்டைச் சுற்றி வந்து சந்தன மரங்களைக் காவல் காக்க ஆரம்பித்தார்கள், அதுவும் கூலி வாங்காமல் என்று அவர் சொன்னார். சோறாக்கிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் காட்டுக் காவலுக்குப் போவதென்றால்!

முதல் ஒரு மணி நேரம் இவர் என் பின்னாலேயே வந்தார். "பாத்து வை காலை." "மூச்சு வாங்குதா?" "கொஞ்சம் உக்காருவோமா?" வழிகாட்டியே சிரித்தார். தேக்கடி சுமார் மூவாயிரம் அடி உயரத்தில் இருப்பதால் வெயில் உறைக்கவில்லை. பாதை ஏறி ஏறி இறங்கியது, ஆனால் எங்கள் தினசரி நடையில் பழகிய கால் எனக்கு. மலை அணில் ஒன்று பூனை அளவில் மரத்துக்கு மரம் தாவியது. கருமந்திகள் மேலேயிருந்து எங்களை வேடிக்கை பார்த்தன. எங்கேயோ இருவாச்சி பறந்த சிறகு ஓசை மட்டும் கேட்டது.

ஓடை ஒன்றைத் தாண்டியபோது திடீரென்று இவர் "அம்மா!" என்று காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கெண்டைக்கால் பிடிப்பு. என்னையே பார்த்துக்கொண்டு நடந்ததில், பாதையைப் பார்க்கவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. ஷூவைக் கழற்றி, காலை நீட்டி, பாதத்தை மேல்பக்கமாக மடக்கிப் பிடித்து, கெண்டைக்காலை நீவி விட்டேன். உப்புப் போட்ட எலுமிச்சஞ்சாறு ஒரு பாட்டிலில் கொண்டு போயிருந்தேன், அதைக் குடிக்க வைத்தேன். அவர் முதுகுப் பையை நான் வாங்கி மாட்டிக்கொண்டேன். "வேண்டாம், கனம்..." என்றார். நான் பதிலே சொல்லாமல் முன்னால் நடந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், கம்பு ஊன்றிக்கொண்டு சிரித்தபடி வருகிறார்.

பிறகு ஏரிக்கரைக்கு வந்தோம். மூங்கில்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பம், நடுவில் உட்காரப் பலகை. எல்லோருக்கும் மிதவைச் சட்டை கட்டாயம். 2009 செப்டம்பர் 30-ந் தேதி இதே ஏரியில் 'ஜலகன்யகா' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் பலியானார்கள். சட்டை உறுத்துகிறது, போட்டோவுக்கு நன்றாக இல்லை என்று கழற்றி வைக்கிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

தெப்பம் நகர்ந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டோம். ஏரி முழுக்கப் பட்ட மரங்கள் தண்ணீரிலிருந்து நிமிர்ந்து நிற்கின்றன. அணை கட்டித் தண்ணீர் தேங்கியபோது முழுகிய காட்டின் மரங்களாம், நூற்று முப்பது வருஷமாக இன்னும் மக்கவில்லை. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு நீர்க்காக்கை சிறகை விரித்து ஈரம் உலர்த்திக்கொண்டிருந்தது. கரையோரம் நீர்நாய்க் குடும்பம் ஒன்று மீனைக் கையில் பிடித்துத் தின்றது, நம் வீட்டுப் பிள்ளைகள் மக்காச்சோளம் தின்பதைப் போல! மதியத்துக்கு மேல் எதிர்க்கரையில் யானைகள். மூன்று பெரியது, நடுவில் ஒரு குட்டி. தெப்பத்தை அசையாமல் நிறுத்தினார்கள். கால் மணி நேரம் பார்த்திருப்போம். போட்டோ எடுக்கவேண்டும் என்ற ஞாபகமே வரவில்லை.

அணையைப் பார்க்க நம்மை விடமாட்டார்கள், அது காட்டுக்குள் வெகு தூரத்தில் இருக்கிறது. ஆனால் ஏரித் தண்ணீர் தேக்கடிப் பக்கம் வந்து, மலைக்கு அடியில் குடைந்த சுரங்கத்தில் புகுந்துதான் நம் பக்கம் வருகிறது. "அக்காவுக்கு எந்த ஊரு?" என்று வழிகாட்டி கேட்டார். மதுரைப் பக்கம், ஒத்தக்கடை என்றேன். "அப்ப இது உங்க வீட்டுக்குப் போற தண்ணிதான்" என்று, சுமை குறையட்டும் என்றோ என்னவோ, துடுப்பை என் பக்கம் நீட்டினார். "கொஞ்சம் போடுறீங்களா?"

இவர் வாயைத் திறந்தார். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாகக் கேட்டதுதானே. ஆனால் என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். நான் துடுப்பை வாங்கினேன். முதலில் தண்ணீர் முகத்தில்தான் தெறித்தது. பிறகு பழகிவிட்டது. தோள் வலித்தது, வயிறு வலிக்கவில்லை. இடப்பக்கம் நான், வலப்பக்கம் அந்த வெள்ளைக்கார அம்மாள். பாஷை தெரியாவிட்டால் என்ன, 'ம்... ம்...' என்று இரண்டு பேரும் சேர்ந்து போட்டோம். இவர் காலை நீட்டிக்கொண்டு சௌகரியமாக உட்கார்ந்து வந்தார்!

அன்று ராத்திரி லாட்ஜில் இவர் கெண்டைக்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தபோது, "உனக்கு முடியாதுன்னு நெனச்சு இல்லை" என்று ஆரம்பித்தார். "ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல மூணு மணி நேரம் நின்னேன் பாரு. அதுக்கப்புறம் எனக்குத்தான் பயம் போகலை." இரண்டு வருஷத்தில் ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை. வீட்டில் எங்கே சொல்வது? மாமியார் ஒரு பக்கம், கடைப் பையன் ஒரு பக்கம், போன் ஒரு பக்கம். வெந்நீர் ஆறும் வரை பேசிக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் அவசரமில்லாமல் கடைவீதி சுற்றினோம். ஏலக்காய் வாங்கும்போது பச்சை நிறத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஒன்றை உடைத்து, விதை கருப்பாக, கையில் ஒட்டுகிற மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். குமுளிக்கு மேலே மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. மதுரைக்காரி நான், பார்க்காமல் வரலாமா என்று விசாரித்தேன். வருஷத்தில் சித்ரா பௌர்ணமி ஒரு நாள்தான் திறப்பார்களாம். அன்றைக்கு நமக்கு அழகர் இறங்கும் நாள். மதுரையை எரித்த அம்மாள் மதுரைக்காரர்கள் வரமுடியாத நாளாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறாள் போலிருக்கிறது!

போக நினைக்கும் சகோதரிகளுக்கு இன்னும் இரண்டு விஷயம். காட்டுக்குள் கழிப்பிட வசதியை எதிர்பார்க்க முடியாது. காலையில் அதைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். ஆனால் அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள், எங்கள் வீட்டுக்காரர் கதிதான் ஆகும். முட்டிவலி இருப்பவர்கள் முழு நாள் தெப்பம் வேண்டாம். மூன்று மணி நேரக் காட்டு நடை இருக்கிறது, அதுவும் ஆகாதென்றால் படகு இருக்கிறது. கணவருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று மட்டும் பிரித்துக்கொள்ளாதீர்கள்.

ஊர் திரும்பி ஒரு வாரமாயிற்று. அறுவடை முடிகிற சமயம், கால்வாயில் தண்ணீர் குறைந்துவிட்டது. காலையில் யானைமலைப் பக்கம் நடக்கிறோம். இப்போது இவர் முன்னால் போகிறார், நான் பின்னால், சில நாள் நான் முன்னால். நேற்றுக் காலையில் நரசிங்கம் கோயில் வாசலில் நின்று, "அடுத்த தை சதுரகிரி போவோமா?" என்று கேட்டார். "உங்க கெண்டைக்கால் தாங்குமா?" என்றேன். பதில் சொல்லவில்லை. சாயங்காலம் பார்த்தால், கடையிலிருந்து வரும்போது தனக்கும் ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ வாங்கி வந்திருக்கிறார்.